அச்சிதழிலிருந்து அழைப்பு வந்தால்: 'சரி' சொல்வதற்கு முன்

வலைப்பூவில் சில வருடங்கள் விடாமல் எழுதிவரும் பலருக்கும் அந்த மின்னஞ்சல் வந்து சேர்கிறது. "உங்கள் பதிவுகளை வாசித்து வருகிறோம். எங்கள் இதழுக்கு ஒரு கட்டுரை தர முடியுமா?" இரண்டே வரி. படித்த கையோடு 'சரி' என்று பதில் போட்டுவிடுகிறோம். பின்னால் வரும் நஷ்டங்கள் பெரும்பாலும் அந்த அவசரத்தில்தான் தொடங்குகின்றன. அச்சில் பெயர் பார்க்கும் ஆசையில் தப்பே இல்லை. ஆனால் அந்தச் சந்தோஷத்தில் கேட்காமல் விட்ட கேள்விகளைக் கட்டுரை அனுப்பிய பிறகு கேட்டால் பதிலே வராது. வந்தாலும் நமக்குச் சாதகமாக இருக்காது. பேசித் தீர்க்க வேண்டியதையெல்லாம் கட்டுரை நம் கையில் இருக்கும்போதே பேசிவிட வேண்டும். ஒரு ராத்திரி பொறுத்துப் பதில் எழுதினால் எந்த ஆசிரியரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

முதலில் என்ன கேட்கிறார்கள் என்று பிரித்துப் பாருங்கள். ஏற்கெனவே வலைப்பூவில் வந்த பதிவை அப்படியே எடுத்துப் போடுவது ஒன்று. புதிதாக ஒரு கட்டுரை கேட்பது இன்னொன்று. வாராவாரமோ மாதாமாதமோ தொடர் பத்தி எழுதச் சொல்வது மூன்றாவது. முதலாவதில் உங்களுக்கு வேலை குறைவு, ஆனால் பெரும்பாலும் சன்மானம் இருக்காது. "நன்றி" என்று கீழே வலைப்பூவின் பெயரைப் போடுவதோடு சரி, சில சமயம் அதுவும் விட்டுப்போகும். இரண்டாவதுதான் சோதனைக்கு ஏற்றது. மூன்றாவதை எடுத்த எடுப்பில் ஒப்புக்கொள்வது பெரும்பாலும் வலைப்பூவைப் பட்டினி போட்டுவிடும். எவ்வளவு வற்புறுத்தினாலும் "முதலில் ஒரு கட்டுரை எழுதுகிறேன், பிறகு பார்ப்போம்" என்பதே என் பரிந்துரை.

அடுத்து, அந்த இதழைக் காசு கொடுத்து வாங்குங்கள். கடைசியாக வந்த மூன்று இதழ்கள் போதும். பேர் தெரிந்த இதழாகவே இருந்தாலும் வாங்கிப் பாருங்கள், ஏனென்றால் வாசகராகப் புரட்டுவது வேறு, எழுதப்போகிறவராகப் புரட்டுவது வேறு. வெளியே இருந்து எழுதுகிறவர்களின் பெயர் எங்கே, எந்த அளவில் வருகிறது? அவர்களைப் பற்றிய ஒருவரிக் குறிப்பு இருக்கிறதா? வலைப்பூ முகவரி போடுகிறார்களா? ஒரே ஆள் வெவ்வேறு பெயரில் பாதி இதழை எழுதுகிற மாதிரித் தெரிகிறதா? வெளியீட்டாளர், அச்சிட்டவர், ஆசிரியர் பெயர்கள் அச்சாகியிருக்கும் சிறிய கட்டத்தையும் பாருங்கள். இந்தியாவில் பருவ இதழ்களுக்குப் பதிவு தேவை. 1867ஆம் ஆண்டின் பழைய சட்டத்தை நீக்கிவிட்டு 2023இல் நிறைவேறிய புதிய சட்டம் 2024 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பதிவு எண்ணும் பெயர்களும் ஒழுங்காக அச்சாகியிருந்தால், நாளை பிரச்சினை என்று வரும்போது யாருக்குக் கடிதம் போடுவது என்றாவது தெரியும். அந்தக் கட்டமே இல்லாத இதழில் சன்மானம் வாங்குவதும் சிரமம்தான். கூடவே, சமீபத்தில் அதில் எழுதிய யாராவது ஒருவரைத் தேடிப்பிடித்து இரண்டே கேள்வி கேளுங்கள்: பணம் வந்ததா, எழுதியது எழுதியபடி வந்ததா?

இப்போது பதில் எழுதலாம். நீளமாக வேண்டாம். எந்த இதழில் வரும், எத்தனை சொற்கள், எந்தத் தேதிக்குள் தர வேண்டும், சன்மானம் எவ்வளவு, அது கட்டுரையை ஏற்றுக்கொண்டதும் தரப்படுமா வெளியான பிறகா, எழுதி வாங்கிவிட்டு வெளியிடாமல் போனால் ஏதாவது தருவீர்களா, பக்கம் போட்ட பிறகு மெய்ப்பு (அச்சுக்குப் போகும் முன் பிழை பார்க்கும் பிரதி) அனுப்புவீர்களா, இணையப் பதிப்பிலும் வருமா, எப்போதிலிருந்து நான் என் வலைப்பூவில் போட்டுக்கொள்ளலாம். இவ்வளவுதான். போனில் கூப்பிட்டு எல்லாவற்றுக்கும் "அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்" என்பார்கள். அழைப்பு முடிந்த உடனே, பேசியதை நான்கு வரியாக எழுதி "நாம் இப்போது பேசியபடி" என்று தொடங்கி மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். மறுப்பு வராவிட்டால் கையில் ஒரு ஆவணமாவது இருக்கும். பணத்தைப் பற்றிக் கேட்கும்போது கூச்சமாகத்தான் இருக்கும். தமிழில் எழுதுகிறவர்களுக்கு இந்தக் கூச்சம் கொஞ்சம் அதிகம், இலக்கியத்தில் பணம் பேசலாமா என்று. அச்சகத்துக்கும் காகிதக் கடைக்கும் இதழ் பணம் கொடுக்காமல் இருப்பதில்லை என்று நினைத்துக்கொண்டால் கூச்சம் தானே குறையும். லாபநோக்கமில்லாத சிற்றிதழ் என்றால் கதை வேறு. அங்கே பணம் இல்லை என்று அவர்களே சொல்லிவிடுவார்கள், விருப்பம் இருந்தால் எழுதலாம். பணம் உண்டா இல்லையா என்று சொல்லாமலே நகர்த்துகிற இடம்தான் ஆபத்து.

உரிமை விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் பணத்தைவிடப் பெரிய நஷ்டம் இங்கேதான். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957ஐச் சேர்ந்தது. அதன்படி சம்பளத்துக்கு வேலை பார்க்காத, வெளியிலிருந்து எழுதுகிற ஒருவர் எழுதியதற்கு அவரே முதல் உரிமையாளர். எங்கும் பதிவு செய்ய வேண்டியதில்லை. அந்த உரிமையை முழுமையாக இன்னொருவருக்கு மாற்றிக் கொடுப்பது எழுத்தில், உங்கள் கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எவ்வளவு காலத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், எந்த நிலப்பரப்புக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் எடுத்துக்கொள்ளப்படும். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லியிருந்தாலொழிய, அது காலாவதியாகிவிடும். இதெல்லாம் 19ஆம் பிரிவில் இருக்கிறது. எழுதுகிறவர் பக்கம்தான் சட்டம் ஓரளவு சாய்ந்திருக்கிறது. நாம்தான் "கட்டுரையின் அனைத்து உரிமைகளையும் நிரந்தரமாக, உலகம் முழுவதற்கும், இன்றுள்ள மற்றும் இனி வரப்போகும் எல்லா ஊடகங்களுக்கும்" என்று எழுதியிருக்கும் தாளில் படிக்காமல் கையெழுத்துப் போட்டு அந்தச் சாய்வை நிமிர்த்திவிடுகிறோம்.

'எல்லா ஊடகங்களுக்கும்' என்ற வார்த்தை சும்மா வந்ததில்லை. அமெரிக்காவில் பல நாளிதழ்களும் இதழ்களும் வெளி எழுத்தாளர்களிடம் அச்சுக்கென்று வாங்கிய கட்டுரைகளைக் கேட்காமல் மின்தரவுத் தளங்களில் ஏற்றின. எழுத்தாளர்கள் நியூயார்க் டைம்ஸ் மீது தொடுத்த வழக்கில் 2001இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் எழுத்தாளர்கள் பக்கமே தீர்ப்பளித்தது. ஜெயித்தவர்களுக்குப் பிறகு எழுத வந்தவர்கள் பாடுதான் திண்டாட்டம். அச்சு, இணையம், ஒலி, ஒளி எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதி வாங்கும் ஒப்பந்தம் வழக்கமாகிவிட்டது. இன்று அச்சில் வந்த கட்டுரை இதழின் இணையதளத்தில் வரும், செயலியில் வரும், யாராவது ஒருவர் குரலில் வாசிக்கப்பட்டு யூடியூபில் வரும், பத்து வருடம் கழித்துத் தொகுப்பு நூலாகவும் வரும். ஒவ்வொன்றிலும் உங்களுக்கு ஏதாவது வேண்டுமா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. முடிவு எடுக்கும் இடம் உங்களிடம் இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம்.

அதற்கு வக்கீல் தேவையில்லை. கட்டுரையோடு சேர்த்து மின்னஞ்சலில் இப்படி மூன்று வாக்கியம் எழுதினால் போதும்: "இந்தக் கட்டுரையைத் தங்கள் இதழில் ஒருமுறை அச்சில் வெளியிடவும், அதே இதழின் மின்பதிப்பில் சேர்க்கவும் அனுமதி அளிக்கிறேன். இதழ் வெளியான 60 நாட்களுக்குப் பிறகு கட்டுரையை என் வலைப்பூவில் வெளியிடுவேன். நூலாக்கம், மொழிபெயர்ப்பு, ஒலி-ஒளி வடிவம் உள்ளிட்ட ஏனைய உரிமைகள் என்னிடமே இருக்கும்." அவர்களுடைய ஒப்பந்தப் படிவம் வந்தால், ஒத்துவராத வரியை அடித்துவிட்டு, ஓரத்தில் திருத்தம் எழுதி, அதன் பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டு அனுப்பலாம். பல அலுவலகங்களில் இதை யாரும் பெரிதுபடுத்துவதில்லை. 'படிவத்தை மாற்ற முடியாது' என்று பிடிவாதமாகச் சொன்னால், அந்தக் கட்டுரை பின்னால் உங்கள் புத்தகத்தில் அத்தியாயம் ஆகக்கூடியதா என்று யோசியுங்கள். ஆகாது என்றால் கொடுத்துவிடலாம், ஒன்றும் குடிமுழுகிப் போகாது. ஆகும் என்றால் வேறு கட்டுரை கொடுங்கள்.

இன்னொரு படிவமும் உண்டு. "இது என் சொந்தப் படைப்பு, வேறெந்த இதழிலோ இணையத்திலோ வெளியானதில்லை" என்ற உறுதிமொழி. இதில்தான் பதிவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். வலைப்பூவில் வந்தாலும் வெளியானதுதான். பத்து பேர் படித்த பதிவு என்றாலும் அப்படித்தான். பதிவை நீக்கிவிட்டு அனுப்பினால் ஆயிற்று என்று நினைக்க வேண்டாம். பழைய இணையப் பக்கங்களைச் சேமித்துவைக்கும் இணையக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் நகல் இருக்கலாம், புதிய பதிவுகளைத் தானாகவே வெளியே அனுப்பும் ஊட்டோடை (ஃபீட்) வழியே வேறு தளத்தில் ஒட்டப்பட்டிருக்கலாம், யாராவது வாட்ஸ்அப்பில் பெயரில்லாமல் சுற்றவிட்டிருக்கலாம். கடைசிச் சங்கதி ரொம்பக் கொடுமை; இதழ் வெளியானதும் வாசகர் ஒருவர் "இது வாட்ஸ்அப்பில் வந்ததாயிற்றே" என்று எழுதிப்போட, எழுதிய ஆளே திருடனாகி நிற்க வேண்டி வரும். பழைய பதிவை விரித்து எழுதியிருந்தால் அதை முதல் மின்னஞ்சலிலேயே சொல்லிவிடுங்கள்: எந்தத் தேதியில் வந்தது, எவ்வளவு பகுதி புதியது. பெரும்பாலான ஆசிரியர்கள் ஒப்புக்கொள்வார்கள். ஒளித்தது தெரிந்தால் மறுபடி கூப்பிட மாட்டார்கள்.

எழுதுவதற்கு வருவோம். அச்சில் இடம் என்பது சென்டிமீட்டரில் அளக்கப்படுவது. '800 சொல்' என்று சொல்லியிருந்தால் 800தான். 1100 அனுப்பினால் 300 சொல் வெட்டுப்படும், எங்கே வெட்டுவது என்பதை உங்களைத் தவிர யாரோ முடிவு செய்வார்கள். சொல் கணக்கைச் சொல்லாமல் "இரண்டு பக்கம்" என்றால் நீங்களே எண்ணிக்கொள்ளலாம். அதே பகுதியில் வந்த பழைய கட்டுரை ஒன்றில் பத்து வரிகளின் சொற்களை எண்ணுங்கள். 38 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நெடுவரிசையில் 45 வரி, பக்கத்துக்கு மூன்று நெடுவரிசை என்றால் 135 வரி, ஏறத்தாழ 510 சொல். தலைப்பும் படமும் மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிடும், மிச்சம் 340. ஆக இரண்டு பக்கத்துக்கு 680 சொல்லைத் தாண்ட வேண்டாம். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஆங்கில இதழுக்கான கணக்கை இங்கே போட்டால் தப்பாகும். இன்னொன்று, ஒடுங்கிய நெடுவரிசையில் 'எதிர்பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' மாதிரி ஒரு சொல் வந்தால் முந்தைய வரி பல்போன மாதிரி இடைவெளியோடு நிற்கும், அல்லது சொல் கண்ட இடத்தில் உடையும். வலைப்பூவில் இது ஒரு பிரச்சினையே இல்லை. அச்சுக்கு எழுதும்போது அப்படிப்பட்ட சொற்களைப் பிரித்து எழுதினால் பக்கம் போடுகிறவர் மனதுக்குள் வாழ்த்துவார்.

கடைசிப் பத்தியில் உயிரான விஷயத்தை வைக்காதீர்கள். இதழ்கள் 8 அல்லது 16 பக்கங்கள் கொண்ட ஃபாரங்களாக அச்சாகின்றன, நினைத்தபடி ஒரு பக்கத்தைக் கூட்ட முடியாது. கடைசி நேரத்தில் அரைப்பக்க விளம்பரம் வந்தால் ஏதோ ஒரு கட்டுரை சுருங்கியாக வேண்டும். அவசரத்தில் யாரும் நடுவில் வெட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார்கள், வாலிலிருந்து வெட்டுவார்கள். வலைப்பூவில் மெதுவாகக் கதை சொல்லிக்கொண்டே போய் முடிவில் விஷயத்தை அவிழ்க்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு இது பெரிய அடி. கடைசி 60, 70 சொற்கள் போனாலும் கட்டுரை நிற்கும்படி அமையுங்கள். இன்னும் ஒரு படி மேலே போய், 'இடம் போதாவிட்டால் இந்த இரண்டு பத்திகளை எடுத்துவிடலாம்' என்று நீங்களே குறித்து அனுப்புங்கள். கேட்பார்கள், பெரும்பாலும்.

சுட்டிகள் அச்சில் செத்துப்போகும் என்பதைப் பலரும் எழுதி முடித்த பிறகுதான் உணர்கிறார்கள். "இதுபற்றி இங்கே எழுதியிருக்கிறேன்" என்று பழைய பதிவுக்குக் கையைக் காட்டிவிட்டுப் போக முடியாது. சுட்டிக்குப் பின்னால் ஒளிந்திருந்த விளக்கத்தை இரண்டு வரியில் கட்டுரைக்குள்ளேயே கொண்டுவர வேண்டும். உங்களுக்கும் நெடுநாள் வாசகர்களுக்கும் மட்டுமே புரியும் கிண்டல்கள், பட்டப்பெயர்கள் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். அச்சிதழ் வாசகருக்கு உங்களை யாரென்றே தெரியாது. 'நேற்று', 'போன வாரம்', 'சமீபத்தில்' ஆகியவற்றுக்குப் பதில் தேதியைப் போடுங்கள், ஏனென்றால் மாத இதழில் எழுதுவதற்கும் வாசிப்பதற்கும் இடையே ஒன்றிரண்டு மாதங்கள் ஓடிவிடும். எண்கள், பெயர்கள், ஆண்டுகள் அத்தனையையும் மூலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பதிவில் பிழை இருந்தால் பின்னூட்டத்தில் யாராவது சொல்வார்கள், திருத்திவிட்டு நன்றி சொல்லலாம். அச்சான பிழையை அடுத்த இதழின் மூலையில் பொடி எழுத்தில் வரும் திருத்தத்தால் அழிக்க முடியாது.

கோப்பு அனுப்புவது சின்ன விஷயம் போலத் தெரியும். தமிழில் அப்படி இல்லை. நாம் எழுதுவது யூனிகோடில், அதாவது எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையில். சில இதழ்களில், முக்கியமாகச் சிறிய இதழ்களில், பக்கம் போடுவது இன்னமும் பேஜ்மேக்கர் போன்ற பழைய மென்பொருளில், பாமினி மாதிரியான பழைய எழுத்துருவில். தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது 2010இல். அச்சக மேசைகள் அரசாணையைப் பார்த்து மாறுவதில்லை. உங்கள் கட்டுரை ஒரு எழுத்துரு மாற்றியில் (கன்வெர்ட்டர்) போடப்பட்டு உருமாறித்தான் அங்கே போய்ச் சேரும். யூனிகோடில் 'கெ' என்பது ககரம் முதலில், கொம்பு பிறகு என்று சேமிக்கப்படுகிறது; பழைய எழுத்துருக்களில் கண்ணுக்குத் தெரிகிறபடி கொம்பு முதலில். அந்த எழுத்துரு மாற்றி இங்கே தடுமாறினால் கொம்பு பக்கத்து எழுத்தின் தலையில் போய் உட்காரும். 'ஔ' எழுத்து 'ஒ', 'ள' என்று இரண்டாக உடையும். 'ஸ்ரீ', 'க்ஷ' காணாமல் போகும். இந்த எழுத்துருக்களில் ரோமன் எழுத்துகளின் இடத்திலும் சில நிறுத்தற்குறிகளின் இடத்திலும் தமிழ்க் குறிகள் இருப்பதால், கட்டுரைக்குள் ஆங்கிலத்தில் எழுதிய பெயரோ இணைய முகவரியோ இருந்தால் அது அர்த்தமில்லாத தமிழ் எழுத்துகளாக அச்சாகும். பக்கம் போடும் புதிய மென்பொருளான இன்டிசைனிலும் ஆபத்து உண்டு: இந்திய மொழிகளுக்கான 'வேர்ல்ட்-ரெடி' வரியமைப்பைத் தேர்வு செய்ய மறந்தால் கொம்புகள் இடம் மாறி நிற்கும்.

அதனால் எப்போதும் இரண்டு கோப்பு அனுப்புங்கள். ஒன்று அலங்காரம் எதுவும் இல்லாத வேர்டு கோப்பு, யூனிகோடில். இன்னொன்று அதே கட்டுரையின் பி.டி.எஃப், எப்படித் தெரிய வேண்டும் என்று ஒப்பிட்டுப் பார்க்க. பிற மொழிப் பெயர்களைக் கூடுமானவரை தமிழிலேயே எழுதிவிடுங்கள். தவிர்க்க முடியாதவற்றைத் தனியே பட்டியலிட்டுக் கொடுங்கள். மெய்ப்பு வரும்போது உங்கள் அழகான வாக்கியங்களை ரசிப்பதை விட்டுவிட்டு முதலில் கொம்பு, ஔகாரம், மேற்கோள் குறி, எண்கள் இந்த நான்கை மட்டும் ஒரு சுற்று பாருங்கள். பக்கத்தைக் கீழிருந்து மேலாக, வரி வரியாகப் படித்தால் கண்ணில் படும். மேலிருந்து படித்தால் எழுதியதை மனம் தானே திருத்திப் படித்துக்கொள்ளும்.

படங்களுக்குச் சுருக்கமாக: அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். வலைப்பூவில் பளிச்சென்று தெரியும் 1200 புள்ளி அகலப் படம் அச்சில் 4 அங்குலம்தான். ஏ4 அளவை ஒட்டிய முழுப்பக்கத்துக்கு ஏறத்தாழ 2500க்கு 3500 புள்ளி தேவை. வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். மின்னஞ்சல் இணைப்பாகவோ டிரைவ் சுட்டியாகவோ மூலக்கோப்பை அனுப்புங்கள். இணையத்தில் எடுத்த படத்தை வலைப்பூவில் போட்டு இதுவரை யாரும் கேட்காமல் இருந்திருக்கலாம். அச்சில் அது இதழின் தலையில் விழும், இதழ் அதை உங்கள் தலையில் இறக்கும்.

அனுப்பிய பிறகு வருவது மௌனம். இந்தக் கட்டம்தான் பதிவர்களை உள்ளுக்குள் அரிக்கிறது. பதிவு போட்ட அரைமணியில் முதல் பின்னூட்டம் பார்த்துப் பழகியவர்களுக்கு, மூன்று வாரம் "கிடைத்தது" என்ற ஒற்றைச் சொல்லும் வராமல் இருப்பது அவமானமாகக்கூடத் தோன்றும். பெரும்பாலும் அவமானம் ஒன்றுமில்லை. சிறிய குழு, நாலு வேலை, பக்கம் முடிக்கும் தேதி. பத்து நாளில் ஒரு நினைவூட்டல், அதிலிருந்து இரண்டு வாரத்தில் இன்னொன்று. அதற்கும் பதில் இல்லையென்றால் "இந்தத் தேதிக்குள் முடிவு தெரியாவிட்டால் கட்டுரையைத் திரும்பப் பெற்று வேறிடத்தில் வெளியிடுவேன்" என்று தேதியோடு எழுதிவிடுங்கள். இப்படி ஒரு கடைசித் தேதி சொல்லாமல் வலைப்பூவிலேயே போட்டுவிட்டால், அதே வாரம் அது அச்சிலும் வந்து இரண்டு பக்கமும் சங்கடமாகும்.

மெய்ப்பில் அல்லது அச்சான பக்கத்தில் தலைப்பு மாறியிருக்கும். இதை எதிர்பார்த்தே இருங்கள். தலைப்பு வைப்பது இதழின் வேலை என்று அவர்கள் நம்புகிறார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. பக்கத்து விளம்பரம், அட்டை, இடம் எல்லாம் பார்க்க வேண்டும். நல்ல துணை ஆசிரியர் கை வைத்தால் உங்கள் மூன்று வாக்கியம் ஒன்றாகும், முதலில் வயிற்றைப் பிசையும், ஒரு மாதம் கழித்துப் படித்தால் அதுதான் சரி என்று தோன்றும். அச்சிதழில் எழுதுவதில் பணத்தையும் பெயரையும்விட உருப்படியான லாபம் இந்தக் கைதான் என்பது என் கணிப்பு. தனியாகவே எழுதிப் பழகிய பதிவருக்கு வேறெங்கும் இலவசமாகக் கிடைக்காதது. ஆனால் சொன்னதற்கு நேர்மாறான அர்த்தம் வரும்படி வெட்டினால், நீங்கள் சொல்லாத கருத்தை உங்கள் பெயரில் சேர்த்தால், அதை விட்டுக்கொடுக்க வேண்டாம். படைப்பைத் தன் நற்பெயர் கெடும்படி சிதைப்பதை எதிர்க்கும் உரிமை, பதிப்புரிமையை விற்ற பிறகும் எழுதியவரிடம் இருக்கிறது. அதே சட்டத்தின் 57ஆம் பிரிவு. தலைப்புக்கும் காற்புள்ளிக்கும் சண்டை போட்டுச் சக்தியை வீணாக்கினால் இந்த மாதிரி நேரத்தில் உங்கள் குரல் எடுபடாது.

பணம். வெளியான பிறகு தருவதாகச் சொல்லியிருந்தால், வெளியான வாரத்திலேயே ஒரு விலைப்பட்டியல் (இன்வாய்ஸ்) அனுப்புங்கள்: கட்டுரைத் தலைப்பு, இதழ் தேதி, பக்க எண், பேசிய தொகை, வங்கி விவரம், பான் எண். கேட்கட்டும் என்று காத்திருந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். நினைவூட்டலைக் கட்டுரை கேட்ட ஆசிரியருக்கு மட்டும் அனுப்பாமல் கணக்குப் பிரிவுக்கும் சேர்த்து அனுப்புங்கள். ஆசிரியர் நல்லவராக இருப்பார், காசோலையில் கையெழுத்துப் போடுகிறவர் வேறு ஆள். ஆசிரியர் பிரதி ஒன்றாவது தபாலில் வருமா என்று முன்பே கேளுங்கள். வராவிட்டால் கடைகளில் தேடுவதைவிடச் சந்தா அலுவலகத்தில் கேட்பது சுலபம்.

இதெல்லாம் சேர்ந்து எவ்வளவு நேரம் என்று ஒரு கணக்குப் போடலாம். ஆயிரம் சொல் கட்டுரை. எழுத 6 மணி, அளவுக்குச் சுருக்க 3, தகவல் சரிபார்க்க 2, கோப்பும் படமும் 1, மெய்ப்பு 1, கடிதப் போக்குவரத்தும் சன்மான நினைவூட்டலும் 2. மொத்தம் 15 மணி. அதே விஷயம் வலைப்பூவில் 6 மணியில் முடிந்து அன்றே வாசகரிடம் போயிருக்கும். உங்கள் எண்கள் கூடக்குறைய இருக்கலாம், ஆனால் இரண்டு மடங்குக்குக் குறைவாக வருவது அபூர்வம். சன்மானத்தை 15ஆல் வகுத்துப் பாருங்கள். விடை எரிச்சலூட்டினால், பணத்துக்காக எழுதுகிறோம் என்ற நினைப்பை அப்போதே விட்டுவிடலாம்.

அச்சு வாசகர்கள் வலைப்பூவுக்குத் திரண்டு வருவார்கள் என்ற நம்பிக்கையும் வேண்டாம். அவர்கள் உங்கள் முகவரியைக் கையால் தட்டச்சு செய்ய வேண்டும். பாதிப் பேர் வேண்டாம், பத்துப் பேர் செய்தாலே பெரிய விஷயம். குறுகிய முகவரியாகவோ கியூஆர் குறியாகவோ ஆசிரியர் குறிப்பில் போடச் சொல்லுங்கள். இதழின் இணையதளத்திலும் கட்டுரை வரும் என்றால் தேடுபொறிகள் பெரும்பாலும் அவர்களுடைய பக்கத்தையே முதலில் காட்டும். 60 நாள் கழித்து நீங்கள் முழுக்கட்டுரையையும் போடும்போது வெட்டுப்பட்ட பகுதிகளைச் சேர்த்து, தொடர்ச்சியையும் எழுதிப் போடுங்கள். அச்சில் படித்தவருக்கும் வர ஒரு காரணம் இருக்கும். முதல் வரியிலேயே எந்த இதழில், எப்போது வந்தது என்று குறிப்பிடுவது மரியாதையும் ஆதாரமும்.

ஒரு கட்டுரை நல்லபடியாக முடிந்து பத்தி எழுதக் கேட்டால் மூன்று நிபந்தனை வையுங்கள். தொடங்கும் முன் மூன்று அத்தியாயம் எழுதிக் கையிருப்பாக வைத்துக்கொள்வது உங்களுக்கான நிபந்தனை. காய்ச்சல், வீட்டு விசேஷம், எழுத வராத வாரம் என எல்லாவற்றுக்கும் அதுதான் காப்பு. இத்தனை வாரம் என்று எண்ணிக்கையோடு ஒப்புக்கொள்வது இரண்டாவது. 'போகிற வரை போகட்டும்' என்றால் நிறுத்துகிறவர் அவர்களாகத்தான் இருப்பார், அதையும் இதழைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வீர்கள். தொடர் முடிந்ததும் நூலாக்கும் உரிமை யாருக்கு என்பது மூன்றாவது, இதை முதல் அத்தியாயம் அனுப்புவதற்கு முன் எழுத்தில் வாங்கிவிட வேண்டும். பல இதழ்களுக்குச் சொந்தப் பதிப்பகமும் இருக்கிறது. 25 வாரம் எழுதி முடித்த பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டால், "அது நம்ம வெளியீடாத்தானே வரும்" என்று மிகுந்த அன்போடு சொல்வார்கள்.

பதிவு செய்யப்பட்ட இதழ், மெய்ப்பு தருகிறார்கள், நூலுரிமை உங்களிடம், கை வைக்கத் தெரிந்த துணை ஆசிரியர் இருக்கிறார் என்றால் சன்மானம் குறைவாக இருந்தாலும் எழுதலாம். பணம் நன்றாகத் தருகிறார்கள் ஆனால் எல்லா உரிமையும் வேண்டும் என்றால், திரும்பத் தேவைப்படாத கட்டுரை ஒன்றைக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம். பணமும் இல்லை, மெய்ப்பும் இல்லை, உரிமை மட்டும் முழுதாக வேண்டும், "உங்களுக்கு ஒரு நல்ல அறிமுகம் கிடைக்குமே" என்றால், நன்றி சொல்லிவிட்டு அன்றைய பதிவை வலைப்பூவிலேயே போட்டுவிடுங்கள்.